சாம்பல் மேகமும் ஒரு சீலையும்

ஐரோப்பா போய் வந்தவர் என்று யாராவது என்னை அறிமுகப்படுத்தினால், அடுத்த கேள்வி ஈபிள் கோபுரம் எப்படி இருந்தது என்பதாகத்தான் இருக்கும். பார்த்தேன். உயரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பயணத்தில் நான் நன்றாகப் பார்த்தது அதை அல்ல. வளைகுடா ஊர் ஒன்றின் விமான நிலையத்தைத்தான். எந்தக் கடையில் எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பார்கள், எந்தக் குழாயில் வெந்நீர் வரும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இது 2010 ஏப்ரலில் நடந்தது. இந்தக் கோடையில் பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு கிளம்பும் நண்பர்கள் சிலர் விவரம் கேட்டதால் முழுவதையும் எழுதி வைக்கிறேன்.

நாங்கள் போனது சுற்றுலா என்று விசா விண்ணப்பத்தில் இருந்தது. சுற்றுலாவும் உண்டுதான். ஆனால் அதற்கு முன் ஒரு கடமை இருந்தது. என் அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். புதுச்சேரியில் அவளைக் கட்டிக்கொடுத்த இடம் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தா வேலை. 1964இல் அத்தானோடு கப்பலேறிப் போனவள், பாரீஸுக்கு வடக்கே, புதுச்சேரிக்காரர்கள் நிறைய வசிக்கும் சார்செல் பக்கம் குடியாகிவிட்டாள். 2009 ஏப்ரலில் அத்தான் காலமானார். விசா, டிக்கெட் என்று அலைந்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பதால் என்னால் போக முடியவில்லை. எங்கள் வழக்கத்தில் வருஷத் திதி முடிந்து துக்கம் கழிக்கும்போது பிறந்த வீட்டிலிருந்து உடன்பிறந்தவன் ஒரு சீலை கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். நாற்பத்தாறு வருஷம் பிரான்சில் இருந்தும் அக்காவுக்கு அந்தக் கணக்கு மாறவில்லை. "சாவுக்குத்தான் வரல, வருஷத்துக்காவது வந்துடுடா தம்பி" என்று போனில் சொன்னாள். திதி ஏப்ரல் 20, செவ்வாய்க்கிழமை.

நான் ஓய்வுபெற்று, மகனோடு இருக்கலாம் என்று திருப்பூருக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வந்த ஓய்வூதியப் பணத்தில் கொஞ்சத்தை எடுத்து இருவருக்கும் டிக்கெட் வாங்கினேன். 16ஆம் தேதி போய் 30ஆம் தேதி திரும்புவதாக ஏற்பாடு. விசாவும் அந்தப் பதினைந்து நாளுக்குத்தான். அக்காவுக்கு இளம்பச்சையில் ஒரு நெகமம் பருத்திச் சீலை. என் மனைவி இரண்டு கடை ஏறி இறங்கி எடுத்தது.

ஏப்ரல் 14 சித்திரை முதல் நாள். அந்த வருஷங்களில் அரசுக் கணக்கில் தைதான் புத்தாண்டு என்றாலும், வீட்டில் மாங்காய்ப் பச்சடி வைத்துச் சாமி கும்பிட்டுவிட்டு, இரவு சேரன் எக்ஸ்பிரஸில் சென்னைக்கு ஏறினோம். அதே நாள் விடியற்காலையில் ஐஸ்லாந்தில் ஒரு பனிமலைக்கு அடியில் எரிமலை வெடித்திருந்தது. அதன் பெயர் எய்யாஃபியாட்லாயோகுட். தீவு, மலை, பனியாறு என்ற மூன்று சொற்களை ஒட்டவைத்த பெயராம். அதைச் சரியாகச் சொல்ல வராமல் அந்த வாரம் உலகம் முழுக்கச் செய்தி வாசிப்பவர்கள் தடுமாறினார்கள்.

எரிமலை வெடித்தால் அந்த ஊர்க்காரர்களுக்குத்தானே கஷ்டம், விமானத்துக்கு என்ன என்று எனக்கும் அப்போது தோன்றியது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். எரிமலைச் சாம்பல் என்பது நம் விறகடுப்புச் சாம்பல் மாதிரி மெதுவானது அல்ல. பொடிப்பொடியான பாறையும் கண்ணாடியும். இந்த மலையின் மேல் பனி மூடியிருந்ததால், உருகிய நீர் கொதிக்கும் குழம்பில் பட்டு அதை இன்னும் நைஸாகச் சிதறடித்தது. காற்று அதை ஐரோப்பாவின் பக்கம் தள்ளியது. விமான எஞ்சினுக்குள் இருக்கும் சூட்டில் இந்தத் தூள் உருகும். உள்ளே இருக்கும் தகடுகளில் போய்ப் பட்டதும், தாம்பாளத்தில் கொட்டிய வெல்லப்பாகு போல இறுகி ஒட்டிக்கொள்ளும். காற்று போக வழியில்லாமல் எஞ்சின் நின்றுவிடும்.

இது வெறும் பயமல்ல. 1982 ஜூன் 24 இரவு, லண்டனிலிருந்து பம்பாய், கோலாலம்பூர் வழியாக ஆஸ்திரேலியாவின் பக்கம் போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ விமானம் ஒன்று, இந்தோனேசியாவில் கலுங்குங் எரிமலையின் சாம்பலுக்குள் தெரியாமல் நுழைந்தது. நான்கு எஞ்சினும் நின்றுவிட்டன. உள்ளே 263 பேர். கேப்டன் எரிக் மூடி விமானத்தைச் சறுக்கியபடியே கீழே கொண்டுவந்தார். சாம்பலைத் தாண்டி இறங்கியதும் எஞ்சின்கள் ஒவ்வொன்றாக உயிர்பெற்றன. முன் கண்ணாடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல மங்கிப்போயிருக்க, ஜகார்த்தாவில் இறங்கினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதிலிருந்துதான் சாம்பல் இருந்தால் பறக்காதே என்ற எச்சரிக்கை பலப்பட்டது.

15ஆம் தேதி மாலை சென்னையில் உறவினர் வீட்டுத் தொலைக்காட்சியில் லண்டன் விமான நிலையங்களை மூடிவிட்டார்கள் என்று காட்டினார்கள். விமான நிறுவனத்துக்குப் போன் செய்து கேட்டேன். "பாரீஸ் விமானம் போகும் சார், வாங்க" என்றார்கள். இரவு விமான நிலையத்தில் கவுண்ட்டரிலும் அதையே கேட்டேன். அதே பதில். விமானத்தில் ஏறும் வாசலில், மேலே வைக்க இடமில்லை என்று சொல்லி, எங்கள் கையிலிருந்த சின்ன சக்கரப் பெட்டியை வாங்கிச் சீட்டுக் கட்டி உள்ளே போட்டுவிட்டார்கள். மாத்திரை இருக்கிறது என்று மனைவி சொல்லியும் அந்தப் பெண் காதில் வாங்கவில்லை. பின்னால் வரிசை நெருக்கிக்கொண்டிருந்தது. அதில்தான் இருவருக்குமான இரண்டு வார மாத்திரை, மாற்றுத் துணி, அக்காவின் சீலை மூன்றும் இருந்தன.

16ஆம் தேதி காலை வளைகுடாவில் இறங்கி அறிவிப்புப் பலகையைப் பார்த்தால், ஐரோப்பா என்று எழுதியிருந்த வரிசை முழுவதும் சிவப்பு. லண்டன் ரத்து, ஆம்ஸ்டர்டாம் ரத்து, பிராங்க்பர்ட் ரத்து, பாரீஸ் ரத்து. நாங்கள் சென்னையில் ஏறும்போதே பாரீஸ் மூடியாகிவிட்டது என்று அங்கே வந்துதான் தெரிந்தது.

எங்களோடு வந்த பிரெஞ்சுக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள், கேரளா சுற்றிப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கவுண்ட்டரில் இருந்தவருக்குப் பிரெஞ்சு தெரியாது, இவர்களுக்கு ஆங்கிலம் போதவில்லை. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் தமிழிலும் ஆங்கிலத்திலும் கோப்பு எழுதியதில் நாக்கு கொஞ்சம் துருப்பிடித்திருந்தாலும், "பர்தோன், மதாம்" என்று ஆரம்பித்ததும் மீதி தானாக வந்தது. ஒரு மணி நேரம் நின்று இரு பக்கமும் மொழிபெயர்த்தேன். கடைசியில் அவர்களுக்கு ஓட்டல் அறை கிடைத்தது. பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டுக்கு அந்த நாட்டில் இறங்கியவுடன் விசா உண்டு, வெளியே போகலாம். எங்களுக்கு இல்லை. "இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் உள்ளேயே காத்திருக்கவும்" என்றார் அதே மனிதர், நான் மொழிபெயர்த்து முடித்த கையோடு.

அவர்கள் கத்தரிக்காய் நிறத்துப் புத்தகங்களைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே நடந்ததைப் பார்த்தபடி நின்றேன். 1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அப்பாவிடமும் சிலர் வந்து சொன்னார்கள். எனக்குப் பதின்மூன்று வயது, நன்றாக நினைவிருக்கிறது. "பொறந்த மண்ணு எந்த நாடோ அதுதான் நம்ம நாடு" என்று அவர் எழுதிக் கொடுக்கவில்லை. அத்தான் வீட்டார் எழுதிக் கொடுத்தார்கள். ஒரே தெருவில் இரண்டு நாடு. அப்பா செய்ததில் எனக்கு என்றைக்கும் குறை இல்லை. என் பிழைப்பு, ஓய்வூதியம் எல்லாம் அதில் வந்தவைதான். ஆனாலும் ஒரு கையெழுத்தின் எடை எவ்வளவு என்று நாற்பத்தெட்டு வருஷம் கழித்து அந்தக் கூடத்தில்தான் தெரிந்தது. அந்தக் கூட்டத்தில் ஒரு பெரியம்மா மட்டும் திரும்பி வந்து, தன் கழுத்துத் தலையணையை என் மனைவியின் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு இரவு நாற்காலியில். ஏ.சி. குளிர் எலும்புக்குள் இறங்கியது. கைப்பையில் இருந்த மாத்திரை ஒன்றரை நாளுக்குத்தான் வந்தது. மனைவிக்குச் சர்க்கரை, எனக்கு ரத்தக்கொதிப்பு. பெட்டியை எடுத்துத் தாருங்கள் என்று கேட்டால், ஆயிரக்கணக்கான பெட்டிகள் அடுக்கிக் கிடக்கின்றன, தேட முடியாது என்றார்கள். உள்ளே இருந்த மருந்துக் கடையில் ஒரு மலையாளிப் பையன் இருந்தான். என் சட்டைப் பையில் டாக்டர் சீட்டின் நகல் இருந்தது, மருந்தின் பெயரை எழுத்து எழுத்தாக எழுதியது. அதைப் பார்த்துச் சரியான மருந்தை எடுத்துக் கொடுத்தான். விலை நம்மூரைப்போலப் பல மடங்கு. எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் ஊழியர் சலுகையில் பில் போட்டான். "அம்மே, சாப்பிட்டுட்டுப் போடணும் கேட்டோ" என்று தமிழும் மலையாளமுமாகச் சொல்லி அனுப்பினான்.

அன்று மாலைதான் நம்மூர்ப் பையன் ஒருவன் கிடைத்தான். மனைவியின் கையிலிருந்த திருப்பூர் ஜவுளிக் கடைப் பையைப் பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மா, திருப்பூருங்களா?" என்று வந்தான். பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஜெர்மனியில் பையரோடு 19ஆம் தேதி மீட்டிங். கையில் ஒரு பெரிய பை நிறையச் சாம்பிள். அவன் கவலை வேறு விதம். "கடல்ல போனா தூத்துக்குடியிலருந்து மூணு நாலு வாரம் ஆகுங்க. இங்க டையிங்ல ரெண்டு நாள், பிரிண்டிங்ல ரெண்டு நாள் லேட்டாச்சுன்னா, டேட்டுக்குள்ள ஏர்லதான் அனுப்போணும். அந்தச் செலவு கம்பெனி தலைல. லாபமெல்லாம் அதுலயே போயிருமுங்க. ஆனா இன்னைக்கு ஏருமே இல்லைங்களே, என்ன பண்றது?" திருப்பூரில் குடியிருந்தும், நாம் உடுத்துகிற பனியனுக்குப் பின்னால் தேதிக்கு இவ்வளவு ஓட்டம் இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. கென்யாவில் ஐரோப்பாவுக்கென்று பறித்த பூவெல்லாம் அதே வாரம் குப்பைக்குப் போனதாகப் பிறகு செய்தியில் பார்த்தேன்.

மனைவி குளிரில் முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்துவதைக் கவனித்தவன், பேசிக்கொண்டே பையைத் திறந்தான். குளிர்காலத்துக்கான தொப்பி வைத்த ஒரு கம்பளிச் சட்டை. மார்பில் பெரிய கரடிப் படம், உள்ளே "சாம்பிள், விற்பனைக்கல்ல" என்று முத்திரை. எனக்கு ஒரு டீ ஷர்ட். வாழ்நாளில் அரைக்கைச் சட்டையைத் தவிர வேறு அணியாதவன் நான். புடவைக்கு மேல் கரடியோடு மனைவியும், மஞ்சள் டீ ஷர்ட்டில் நானுமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, மூன்று நாளில் முதல் முறையாக இருவரும் சிரித்தோம். பக்கத்தில் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு வங்காளிக் குடும்பத்துக் குழந்தைகளுக்கும் இரண்டு கொடுத்தான். "பையருக்குக் காட்ட ஒன்னுமே இருக்காதேப்பா" என்றேன். "போட்டுப் பாத்துட்டாங்கன்னு சொல்லிக்கிறனுங்க" என்றான்.

மறுநாள் அவன் சொந்தச் செலவில் ரோமுக்கு டிக்கெட் எடுத்துக் கிளம்பினான். தெற்கு ஐரோப்பாவில் சில நிலையங்கள் திறந்திருந்தன. அங்கிருந்து ரயிலோ பஸ்ஸோ பிடிப்பதாகத் திட்டம். ஜெர்மனியின் சான்சலர் ஏஞ்சலா மெர்க்கலே அந்த வாரம் அமெரிக்காவிலிருந்து திரும்புகையில் லிஸ்பனில் இறங்கி, ரோமுக்கு வந்து, அங்கிருந்து சாலை வழியாகத்தான் ஊர் போய்ச் சேர்ந்தார். நாங்களும் அப்படிப் போயிருந்தால் திதிக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். புது டிக்கெட் விலை கட்டுப்படியாகவில்லை. மனைவிக்கு மூட்டு வலி. அதோடு பிரான்சில் அதே வாரம் ரயில் ஊழியர்களின் வேலைநிறுத்தமும் நடந்துகொண்டிருந்தது. நடுவழியில் நிற்பதைவிட இங்கேயே நிற்கலாம் என்று முடிவு செய்தோம்.

18ஆம் தேதி மாலை தற்காலிக அனுமதிச் சீட்டு கொடுத்து எங்களையும் ஒரு ஓட்டலுக்கு அனுப்பினார்கள். குளித்தோம். 20ஆம் தேதி அந்த அறையிலிருந்துதான் அக்காவுக்குப் போன் போட்டேன். அக்கா மகன் போனை எடுத்துப் பூசை நடக்கும் இடத்தில் வைத்தான். சாம்பிராணி வாசனை வரவில்லை, மற்றதெல்லாம் கேட்டது. ஐயர் என்னென்னவோ சொல்ல, இடையில் அக்காவின் இருமல். கால் மணி நேரம் நானும் மனைவியும் அந்தப் போனைச் சுற்றி நின்றுகொண்டே இருந்தோம். முடிந்ததும் அக்கா வந்து, "சீலை இல்லாமலே முடிச்சிட்டாங்கடா. பரவால்ல. நீ வா, போதும்" என்றாள். அவளுக்கு அழுகை வந்தால் குரல் கட்டையாகிவிடும். கட்டையாகத்தான் இருந்தது.

விமானங்கள் மறுபடி ஓட ஆரம்பித்ததும் உடனே போய்விடலாம் என்று நினைத்தோம். அங்கே இன்னொரு கணக்கு. இன்றைய விமானத்துக்கு யார் டிக்கெட் வைத்திருக்கிறார்களோ அவர்களுக்குத்தான் முதல் இடம். தேங்கிக் கிடப்பவர்களுக்கு மிச்சமிருக்கும் இடம் மட்டும். முதலில் வந்தவன் கடைசியில் போவது. 15 முதல் 21 வரை ஐரோப்பாவில் ரத்தான விமானங்கள் சுமார் 1 லட்சம். மாட்டிக்கொண்ட பயணிகள் ஏறத்தாழ 1 கோடி. அதில் நாங்கள் இரண்டு பேர். அதுவரை கொஞ்சம் சாம்பல் இருந்தாலும் பறக்கக் கூடாது என்றிருந்ததை மாற்றி, ஒரு கன மீட்டர் காற்றில் 2 மில்லிகிராம் வரை இருந்தால் கூடுதல் சோதனைகளோடு பறக்கலாம் என்று பிரிட்டன் வரம்பு வைத்த பிறகுதான் வானம் திறந்தது. எங்களுக்கு இடம் கிடைத்தது 23ஆம் தேதி.

பாரீஸில் இறங்கியபோது மழை. குடியேற்ற அதிகாரி, கையில் பெட்டி இல்லாமல், மஞ்சள் டீ ஷர்ட்டும் வேட்டியுமாக நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் பிரெஞ்சில் நடந்ததைச் சொன்னேன். எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். "போந்திஷேரி" என்றேன். முத்திரையைக் குத்திவிட்டு, "வாருங்கள், உங்களுக்காகத்தான் மேகத்தை விலக்கினோம்" என்றார். வெளியே அக்கா சக்கர நாற்காலியில் இருந்தாள். அது எனக்கு யாரும் சொல்லாத செய்தி.

பெட்டி வரவில்லை. விமான நிலையத்திலேயே புகார்ப் படிவம் எழுதிக் கொடுத்து, எண்ணை வாங்கிக்கொண்டோம். மீதி ஏழு நாளில் ஒரு நாள் ஈபிள் கோபுரம். மற்ற ஆறு நாளும் அக்காவின் சமையலறைதான். நான் காய் நறுக்க, மனைவி சமைக்க, அக்கா நாற்காலியில் இருந்தபடி உப்பு பார்த்தாள். முதலில் போட்ட திட்டத்தில் சுவிட்சர்லாந்தும் இருந்தது. அதைப் பற்றி நாங்கள் மூன்று பேரும் பேசவேயில்லை.

இனி கிளம்பப் போகிறவர்களுக்கு, பட்டு அறிந்தவன் சொல்லும் சில விஷயங்கள்.

விமானம் ரத்தானால் சாப்பாடு, தங்குமிடம் தரவேண்டும் என்ற ஐரோப்பியச் சட்டம் 261/2004, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து புறப்படும் எல்லா விமானங்களுக்கும் பொருந்தும். இங்கிருந்து போகும்போது ஐரோப்பிய நிறுவனத்தின் விமானமாக இருந்தால்தான் பொருந்தும். வளைகுடா நிறுவனத்தில் போன எங்களுக்கு அது இல்லை. டிக்கெட் வாங்கும்போது நூறு இருநூறு ரூபாய் வித்தியாசத்தைப் பார்ப்பதோடு இதையும் பாருங்கள். அதே சாம்பல் வாரத்தில் போர்ச்சுகலில் மாட்டிக்கொண்ட மெக்டோனா என்ற அயர்லாந்துப் பெண்மணி, தங்கிய செலவைக் கேட்டு வழக்குப் போட்டார். எரிமலையே காரணமானாலும் பயணியைக் கவனிக்கும் கடமை நீங்காது, அதற்கு நாள் வரம்பும் இல்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2013 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. நம் நாட்டிலும் 2010 ஆகஸ்டிலிருந்து ரத்து, தாமதம் பற்றிய விதிகளை விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கொண்டுவந்திருக்கிறது.

பெட்டி விஷயத்துக்கு மாண்ட்ரியல் ஒப்பந்தம் இருக்கிறது. 2009 முதல் இந்தியாவும் அதில் உண்டு. பெட்டி உடைந்து வந்தால் 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கைக்குக் கிடைத்த 21 நாளுக்குள், எழுத்தில் புகார் கொடுக்கவேண்டும். வாயால் சொன்னது கணக்கில் வராது. இதை ஒரு குமாஸ்தா சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. இடையில் மாத்திரை, துணி வாங்கிய ரசீதுகளை நான் தேதிவாரியாக ஒட்டி அனுப்பினேன். நான்கு மாதம் கழித்து ஒரு பகுதி பணம் வந்தது. மாத்திரையைக் கைப்பையில்கூட வைக்காதீர்கள், இடுப்பிலோ சட்டைப் பையிலோ வையுங்கள். வாசலில் கைப்பையையும் வாங்கிவிடுவார்கள். டாக்டர் சீட்டில் கடைப் பெயரை மட்டும் எழுதாமல் மருந்தின் மூலப் பெயரையும் எழுதி வாங்குங்கள். வெளிநாட்டுக் கடையில் அதுதான் செல்லும்.

30ஆம் தேதி நாங்கள் திரும்பிவிட்டோம். மே 3ஆம் தேதி பெட்டி அக்கா வீட்டு வாசலில் வந்து இறங்கியதாம். அன்றிரவு போன் வந்தது. மாத்திரையெல்லாம் அப்படியே இருக்கிறது, என் வேட்டியை துவைத்து வைத்திருக்கிறேன் என்று சுற்றி வளைத்து எதையெதையோ சொன்னாள். சீலை எப்படி இருக்கிறது என்று நான்தான் கேட்டேன்.

"கட்டிக்கிட்டுத்தான்டா பேசுறேன்" என்றாள்.